கஞ்சித்தொட்டியிலிருந்து பெரியகுப்பம் வரை: ஐந்து நாள் வடசென்னை

முதல் நாள்: கஞ்சித்தொட்டி

வேளச்சேரியில் குடியிருந்துகொண்டு வடசென்னைக்குப் 'பயணம்' போகிறேன் என்று எழுதினால் ராயபுரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பறக்கும் ரயிலில் கடற்கரை ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, வெயிலில் வதங்கிப் பழைய சிறைச்சாலை சாலையில் இறங்கும்போது ஊர் விட்டு ஊர் வந்த அலுப்பு எனக்கு நிஜமாகவே வந்துவிட்டது.

ஏன் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நான்கு வருடமாக வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு ஒப்பந்த வேலை பார்க்கிறேன். புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம் என்று எது நடந்தாலும், எத்தனை பேர் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள் என்பதை நாளிதழ்களிலும் அரசு அறிவிப்புகளிலும் பொறுக்கி அட்டவணையில் ஏற்றுவதுதான் வேலை. ஜெனீவாவில் உள்நாட்டு இடப்பெயர்வைக் கண்காணிக்க என்றே 1998 முதல் ஒரு மையம் இயங்குகிறது. அவர்கள் வகுத்திருக்கும் முறைதான் எங்களுக்கும் இலக்கணம். அந்த மையத்தின் கணக்குப்படி 2024 கடைசியில் சொந்த நாட்டுக்குள்ளேயே வீடிழந்து வாழ்ந்தவர்கள் 8.34 கோடிப் பேர். அந்த ஓராண்டில் இயற்கைச் சீற்றங்களால் நடந்த இடப்பெயர்வுகள் மட்டும் 4.58 கோடி, இந்தியாவின் பங்கு 54 லட்சம்.

என் அட்டவணையில் வடசென்னைக்கு எட்டு வரிசைகள் இருக்கின்றன. அந்த எட்டில் ஒரு இடத்தைக்கூட நான் நேரில் பார்த்தது இல்லை என்பது போன மாதம்தான் உறைத்தது. இந்தப் பக்கம் கிளம்பி வந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

முதலில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. உள்ளே யாரையும் பார்க்க இல்லை, பெயருக்காகப் போனேன். வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் "இதுக்குக் கஞ்சித்தொட்டினு ஒரு பேரு உண்டாமே?" என்றேன். "எங்க ஆயா கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரினுதான் சொல்லும். இப்ப எவன் சொல்றான்?" என்றார், முழம் போட்டுக்கொண்டே.

ஹைதர் அலி 1780இல் கர்நாடகச் சீமைக்குள் படையோடு இறங்கினார். ஊர்கள் எரிந்தன, விளைச்சல் போயிற்று, சனங்கள் கோட்டைப் பக்கம் ஓடி வந்தார்கள். 1782இல் பஞ்சம் முற்றியபோது அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் இது. மணியக்காரர் சத்திரம் என்பது வெள்ளைக்காரர் வாயில் 'மோனிகர் சத்திரம்' ஆனது. கஞ்சி ஊற்றிய இடத்தில் வைத்தியமும் சேர்ந்து, ஆஸ்பத்திரியாகி, பிற்பாடு மருத்துவக் கல்லூரியும் வந்தது.

அன்றைக்கு யாரும் தலையை எண்ணியிருக்க மாட்டார்கள். எத்தனை குவளை ஊற்றினோம், எத்தனை மரக்கால் அரிசி போட்டோம் என்பதுதான் கணக்காக இருந்திருக்கும். யோசித்துப் பார்த்தால் நான் செய்வதும் அதேதான். முகாமில் எத்தனை சாப்பாட்டுப் பொட்டலம் போனது என்று செய்தியில் வந்தால், அதை வைத்து ஆள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். குவளைக்கு வராதவர் அந்தக் கணக்கிலும் இல்லை, இந்தக் கணக்கிலும் இல்லை.

இரண்டாம் நாள்: வியாசர்பாடி

காலையில் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன். மதியம் வரை சுற்றி, சாயங்காலம் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டேன். சாப்பாட்டையே முதலில் சொல்கிறேன், நாள் முழுக்க நினைவில் நின்றது அதுதான்.

கடை என்றால் நான்கு சக்கரத் தள்ளுவண்டி. ஆரஞ்சு நிறத்தில் நூடுல்ஸ் மலையாகக் குவித்திருக்கிறது. அண்ணன் ஒரு கிண்ணத்தில் அதை ஒரு கை அள்ளிப் போடுகிறார். மேலே முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், மிளகாய்த்தூள், உப்பு. ஒரு கரண்டி புளித்தண்ணீர். ஒரு கரண்டி பூண்டு எண்ணெய். கடைசியாகத் தட்டை மாதிரி இருக்கும் பேஜோவை நொறுக்கிப் போட்டு வெறும் கையால் பிசைகிறார். கரண்டியால் கலக்கினால் என்ன என்று கேட்டதற்கு, "கரண்டிக்கு உப்பு தெரியுமா சார்?" என்றார். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப்பு, எத்தனை தரம் கேட்டாலும் ஊற்றுகிறார்.

இவருடைய அப்பா ரங்கூனில் பிறந்தவர். 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடத்தில் கடை கண்ணியெல்லாம் அரசுடைமை ஆனது. 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். சேர்த்து வைத்த பணம் ஒரே ராத்திரியில் காகிதம். இந்திய வம்சாவளியினர் சுமார் மூன்று லட்சம் பேர் வெளியேறியதாகச் சொல்வார்கள். கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்து இறங்கிய தமிழர்களில் ஒரு பகுதியினர் நகரின் வடக்கில் தங்கினார்கள். பீச் ஸ்டேஷன் எதிரில் 1969இல் வந்த பர்மா பஜார் அவர்களில் சிலருக்குப் பிழைப்புக் கொடுத்தது. அதே 1969இல் தொடங்கியது ரெப்கோ வங்கி. அந்தப் பெயரில் இருக்கும் 'ரெப்' தாயகம் திரும்பியவர்களைக் குறிக்கும் சொல்லின் துண்டு என்பது அங்கே நகைக்கடன் வாங்கும் பாதிப் பேருக்குத் தெரியாது.

இவர்களை அரசுத் தாளில் 'அகதிகள்' என்று எழுதவில்லை, 'தாயகம் திரும்பியோர்' என்றுதான் எழுதினார்கள். அண்ணன் அப்பாவின் கார்டைப் பற்றிச் சொன்னார்: "அதுல திரும்பி வந்தவர்னு போட்டிருக்கும். எங்கப்பா அதுக்கு முன்னாடி இந்தியாவைப் பாத்ததே இல்ல. எங்க திரும்புறது?"

என் அட்டவணையில் இது எந்தக் கட்டத்தில் வரும் என்று யோசித்தேன். எல்லை தாண்டியதால் உள்நாட்டு இடப்பெயர்வு ஆகாது. குடியுரிமை இங்கே என்று ஆனதால் அகதிக் கணக்கிலும் ஏறாது. இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் கோட்டின் மேல் ஒரு தலைமுறையே வண்டி போட்டு அத்தோ விற்கிறது.

திரும்புகிற வழியில் பெரம்பூரைத் தாண்டியபோது 2015 ஞாபகம் வந்தது. அந்த டிசம்பரில் வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அம்மாவையும் மருந்துப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பெரம்பூர் பெரியம்மா வீட்டில் பதினோரு நாள் கிடந்தோம். இரண்டு அறையில் பதினான்கு பேர். பெரியம்மா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. பெரியப்பா மட்டும் பாத்ரூம் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்துவார். நாங்கள் எந்த முகாமுக்கும் போகவில்லை, எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடவில்லை. வெளியேறியவர்களை எண்ணிப் பிழைக்கும் நான் அந்த வருடத்து எண்ணிக்கையில் இல்லை.

மூன்றாம் நாள்: காவாங்கரை

புழல் ஏரிக்குப் பக்கத்தில், ஜி.என்.டி. சாலையை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம். 2021 முதல் அரசுப் பெயர் 'மறுவாழ்வு முகாம்'. அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது, நானும் போகவில்லை. வெளியே டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நாற்பதைத் தாண்டிய ஒரு அக்கா, தையல் வேலைக்குப் போகிறவர், பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். பேச்சில் பாதி மன்னார், பாதி மெட்ராஸ். "தொண்ணூறில வந்தனாங்கள். எனக்கு ஒன்பது வயசு. மண்டபம் முகாமில பதிஞ்சு, பிறகு இங்க விட்டவை."

அவரிடம் என் வேலையைச் சொன்னதும் சிரித்தார். "எங்களை எண்ணின மாதிரி ஆரையும் எண்ணியிருக்க மாட்டினம், தம்பி." செக்கிங் நாளன்று எல்லோரும் முகாமில் இருக்க வேண்டும். தலை இருந்தால்தான் பணக்கொடை. இப்போது குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் திருச்சிக்குப் போவதென்றாலும் செக்கிங் தேதியைப் பார்த்துத்தான் நாள் குறிப்பார்களாம்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர். உலகத்தில் இவ்வளவு துல்லியமாக, இத்தனை வருடம் தொடர்ந்து எண்ணப்பட்ட இடம்பெயர்ந்தோர் வேறு எங்காவது இருப்பார்களா என்பது சந்தேகமே. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, ஆகவே எண்ணுவதால் கிடைப்பது பணக்கொடையும் அரிசியும் மேற்பார்வையும்; குடியுரிமை இல்லை. அக்காவின் மகள் முகாமில் பிறந்தவள். கல்லூரி முடித்துவிட்டாள். அவளும் செக்கிங்கில் நிற்கிறாள்.

பஸ் வந்துவிட்டது. பேர் சொல்லாமல் ஏறிப் போனார்.

நான்காம் நாள்: கல்லும் குவார்ட்டர்ஸும்

நேற்று எழுதியதைப் படித்த நண்பன் "எண்ணினாலும் குறை சொல்கிறாய், எண்ணாவிட்டாலும் குறை சொல்கிறாய்" என்று செய்தி அனுப்பியிருந்தான். சரிதான். இன்றைக்குக் குறை இன்னும் கூடும்.

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரமாக நடந்தேன். மணல் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. ஆள் உயரக் கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள், நடுநடுவே கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள். துறைமுகம் கட்டத் தொடங்கியது 1870களில். நம் கரையில் மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை கரைந்தது. மெரினாவில் சுண்டல் தின்ற ஒவ்வொரு தடவையும் நான் உட்கார்ந்திருந்தது வடக்கே போய்ச் சேராத மணலில்.

கல்லின் மேல் நைலான் வலையைப் பொத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், ஊசியைக் கடல் பக்கம் நீட்டினார். "தோ, அந்த அலை ஒடையுதே, அதுக்கும் அந்தாண்ட எங்க தெரு. எங்கப்பன் வூடு மூணு வாட்டி பின்னால நவுந்துச்சு. நாலாவது வாட்டி நவுர்றதுக்கு ரோடு வந்துடுச்சு."

எந்த வருஷம் என்று கேட்டேன். "வருஷமா? கடலு நோட்டீஸ் வுட்டா வருது?"

என் வேலையின் பெரிய ஓட்டையை அவர் அந்த ஊசியாலேயே காட்டிவிட்டார். அட்டவணையில் முதல் கட்டமே 'நிகழ்வின் தேதி'. தேதி இல்லாமல் வரிசை திறக்காது. புயலுக்குத் தேதி உண்டு, பெயரும் உண்டு. வருடத்துக்குச் சில அடியாகக் கடல் தின்னும் தெருவுக்கு இரண்டும் இல்லை. மெதுவாக வரும் அழிவைக் கணக்கில் பிடிப்பது கடினம் என்று அறிக்கை எழுதுகிறவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. வெளியேறியவர்களின் எண்ணிக்கை கிடைக்காதபோது, இடிந்த வீடுகளின் எண்ணிக்கையைக் குடும்பத்தின் சராசரி ஆள் கணக்கால் பெருக்கிக்கொள்வது எங்கள் வழக்கம். நூறு வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆக நானூறு. பெரியவரின் வீட்டை எட்டிப் பார்த்தேன். ஒரு கூடம், ஒரு தடுப்பு, மேலே ஒரு பரண். அவரும் மனைவியும், மூத்த மகன் குடும்பம், இளையவன் குடும்பம், வாழாமல் வந்திருக்கும் மகள். மூன்று அடுப்பு. எங்கள் கணக்கில் ஒரு வீடு.

மதியத்துக்கு மேல் எர்ணாவூர் சுனாமி குவார்ட்டர்ஸ். அதைச் சுனாமி குவார்ட்டர்ஸ் என்றே பஸ் கண்டக்டரும் சொல்கிறார், பிள்ளைகள் பள்ளிக்கூட நோட்டிலும் எழுதுகிறார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த ஒரு ஆயா என்னைத் தானாகவே கூப்பிட்டது: "இன்னா கண்ணு, வூடு பாக்க வந்தியா? வாடகையா, போகியமா?"

விஷயத்தைச் சொன்னேன். கருவாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளி, "சும்மா குந்திகினு கேக்காத, கிள்ளு" என்றது. கிள்ளினேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அலை வந்தபோது ஆயா மீன் கூடையோடு ரோட்டில் இருந்ததால் பிழைத்தது. அன்று ராத்திரி பள்ளிக்கூடம். இரண்டு வாரம் கழித்து ஒரு கல்யாண மண்டபம். பிறகு தார் அட்டைக் கொட்டகை. "வெயில்ல உள்ள குந்த முடியாது, தார் உருகித் தலையில சொட்டும்." 2005 மழையில் கொட்டகைக்குள் தண்ணீர், மறுபடி பள்ளிக்கூடம். தண்ணீர் வடிந்து மறுபடி கொட்டகை. கடைசியாகச் சீட்டுக் குலுக்கி இந்த மூன்றாவது மாடி.

நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் முறைப்படி இடப்பெயர்வு என்பது ஆள் கணக்கில்லை, தடவைக் கணக்கு. ஒருவர் ஒரே வருடத்தில் மூன்று முறை ஓடினால் மூன்று என்று விழும். 4.58 கோடி என்று முதல் நாள் எழுதினேனே, அது அத்தனை தடவை. இதை ஆயாவிடம் சொன்னதும் கிள்ளுவதை நிறுத்திவிட்டது.

"அது இன்னா நைனா கணக்கு? நான் ஒரே ஆளு. ஆறு வாட்டி பொட்டிய தூக்கினேன். அப்ப ஆறு ஆயாவா?"

"தாள்ல அப்படித்தான் ஆயா."

"ஆறு ஆயாக்கும் அரிசி குடுத்திருக்கலாமில்ல?"

மூன்றாவது மாடியிலிருந்து கடல் தெரியும் என்று நினைத்தேன். எதிர் பிளாக்கின் துணிக்கொடிதான் தெரிகிறது. மகன் தொழிலுக்குப் போக ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து பைக் எடுக்கிறான். முன்பெல்லாம் வாசலில் நின்று காற்றைப் பார்த்து, தண்ணீர் நிறத்தைப் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். இப்போது கரை வரை பெட்ரோல் போட்டுப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் நாளும் உண்டு. சாவி கையில் கொடுத்த அன்றோடு எங்கள் வரிசையில் 'முடிவு தேதி' விழுந்துவிடும். ஆயாவுக்கு அது முடிந்ததா என்று நான் கேட்கவில்லை. கையெல்லாம் கருவாட்டு வாசத்தோடு கிளம்பினேன்.

ஐந்தாம் நாள்: எண்ணூர்

கும்மிடிப்பூண்டி வண்டியில் கத்திவாக்கத்தில் இறங்கினேன்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கரையை உரசிக்கொண்டு ஆந்திராவுக்குப் போனது. மழைத் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து கொசஸ்தலை ஆற்றில் இறங்கி முகத்துவாரம் வரை பரவியது. ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில் வீட்டுச் சுவர்களில் முழங்காலுக்கு மேலே ஒரு கறுப்புக் கோடு இன்னமும் தெரிகிறது. ஒரு வீட்டில் அதன் மேல் இரண்டு தரம் வெள்ளையடித்திருக்கிறார்கள். சுண்ணாம்பு மற்ற இடமெல்லாம் பிடித்திருக்கிறது; கோட்டின் மேல் மட்டும் நகம் பட்டாலே உரிந்து வருகிறது, உள்ளே அதே கறுப்பு. உரித்துப் பார்த்ததற்கு வீட்டுக்காரர் முறைத்தார். நியாயம்தான்.

இந்தக் காலத்தில் கைபேசியை வைத்தே கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2010 ஹைதி நிலநடுக்கத்தின்போது 19 லட்சம் சிம்களின் நகர்வை வைத்து ஜனங்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை. மிக்ஜாமில் இங்கே கரண்டும் இல்லை, டவரும் இல்லை. முறைத்த வீட்டுக்காரர் சமாதானமானபின் சொன்னது: வீட்டில் ஆறு பேர், போன் இரண்டு, இரண்டுமே தண்ணீரில். அரசு கொடுத்த 6,000 ரூபாய்க்கு ரேஷன் கார்டுக்கு ஒரு டோக்கன். ஒரு கார்டு, ஒரு குடும்பம். நேற்றைய மூன்று அடுப்பு இங்கேயும்.

பெரியகுப்பத்துக்கு நடந்தபோது உச்சி வெயில். அதே டிசம்பர் 26ஆம் தேதி, சுனாமிக்குப் பத்தொன்பது வருடம் கழித்து, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு. ஊரே தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சு முட்ட ஓடியது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். எண்ணூரிலும் ஒரு பர்மா நகர் உண்டு. அன்று ராத்திரி அவர்களும் ஓடினார்கள். என் அட்டவணையில் இந்த நிகழ்வுக்கு வரிசை இருக்கிறது, தேதி இருக்கிறது. வெளியேறியவர்கள் என்ற கட்டம் காலி. செய்திகளில் எனக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரிக் கணக்குத்தான்.

குப்பத்தில் குழம்பு கொதிக்க வைத்துவிட்டு வாசலில் நின்ற ஒரு அக்காவிடம் கேட்டேன். "பேரப்புள்ளைய தூக்கிகினு ரோடு வரைக்கும் ஓடினேன். கண்ணு தொறக்க முடியல. எவனோ ஒரு தம்பி வண்டியில ஏத்திகினான், யாருன்னே தெரியாது. திருவொற்றியூர்ல ஒரு கடைவாசல்ல குந்திகினு இருந்தோம். விடிஞ்சதும் வந்துட்டோம்."

"யாராவது பேர் எழுதினாங்களா?"

"இன்னாத்துக்கு எழுதுவாங்க? அதான் வந்துட்டமே."

பேசிக்கொண்டே உள்ளே போய்க் குழம்பைக் கிளறினார். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. துணிக்கடைப் பை, கைப்பிடியில் முடிச்சு. அது என்ன என்று கேட்டதும், கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அவர் சாதாரணமாக எடுத்துப் பிரித்துத் தரையில் பரப்பினார். பாலிதீன் கவருக்குள் கவர். ரேஷன் கார்டு, ஆதார்கள், பேரனின் பிறப்புச் சான்று, மீனவர் சங்க அட்டை, ரப்பர் பேண்டு போட்ட நூறு ரூபாய்த் தாள்கள், லேமினேட் செய்த சுனாமி நிவாரணச் சீட்டு ஒன்று. எதற்கும் உதவாத அந்தச் சீட்டை இருபது வருடமாக வைத்திருக்கிறார்.

"சுனாமியில அல்லாமே போயிடுச்சு. கார்டு வாங்க ரெண்டு வருஷம் அலைஞ்சேன். அதுலேர்ந்து பை."

அடியில் நான்காக மடித்த ஒரு குற்றாலத் துண்டும், ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலும்.

"துண்டு எதுக்குக்கா?"

"அது அந்த கேஸு வந்தப்பறம் போட்டது. நனைச்சு மூஞ்சில கட்டிக்க. புள்ளைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு." இரண்டாவது துண்டைத் தேடினார், காணவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை உருவி, மடித்து உள்ளே வைத்து, முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டினார்.

"சாப்ட்டுட்டுப் போப்பா, காரப்பொடி மீனுதான்."